காது மட்டக் கை: ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரச் சங்கங்களின் வாக்களிப்பு குறித்து ஒரு முன்னாய்வு

சங்க நிர்வாகக் குழுவில் கை எப்போது உயர்கிறது, யார் முகத்தைப் பார்த்து உயர்கிறது, எந்த உயரத்தில் நிற்கிறது என்பது ஆய்வுலகின் போதிய கவனத்தைப் பெறாத துறை. அக்குறையை ஓரளவேனும் நீக்கும் பொருட்டு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரு ஊர்களும் களமாகக் கொள்ளப்பட்டன. இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்களாதலால் ஓர் ஊரில் எதிர்த்துப் பேசியவர் மறு ஊருக்குப் போய் ஒளிந்துகொள்ள முடியாது என்பது இக்களத்தின் தனிச்சிறப்பு.

1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் வேண்டும். பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மிகலாகாது. சாதாரணத் தீர்மானத்துக்குப் பெரும்பான்மை போதும் என்பதே பொதுவிதி. களத்திலோ, எட்டுக்கு மூன்று என்று ஒரு தீர்மானம் நிறைவேறினால் அன்றைக்குச் சண்டை நடந்தது என்றுதான் ஊர் பேசும். எதிர்த்த மூவரும் மறுநாள் காலை அதே டீக்கடையில் நிற்பார்கள். அடுத்த முகூர்த்தத்தில் எதிர்ப்பந்தியில் உட்காருவார்கள். ஒருவர் செயலாளருக்குச் சம்பந்தியாகவும் இருக்கக்கூடும். ஆகவே மினிட் புத்தகத்தில் ‘ஏகமனதாக’ என்பது கூட்டத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. தேதிக்கு மட்டும் இடம் விடப்படும்.

இதற்கான கள வேலை முந்தின வாரமே தொடங்குகிறது. செயலாளர் வீடு வீடாகப் போகிறார். “அண்ணாச்சி, நீங்க வந்து உக்காந்தாப் போதும். மத்தத நாங்க பாத்துக்கிறோம்.” இந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பிறகும் எதிர்த்து வாக்களித்தவர் எவரையும் இவ்வாய்வாளர் கண்டதில்லை.

இவ்வட்டாரத்தாருக்கு வாக்களிக்கத் தெரியாது என்று முடிவு கட்டுவது அவசரம். ராஜபாளையத்துக்காரரான பி. எஸ். குமாரசுவாமி ராஜா சென்னை மாநில முதலமைச்சராக இருந்துகொண்டே 1952 தேர்தலில் தோற்றார். அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதி காமராஜரை மக்களவைக்கு அனுப்பியது. வாக்குச்சாவடியில் மறைப்பு உண்டு. சங்கக் கட்டடத்தில் டியூப் லைட் உண்டு. வேறுபாடு அவ்வளவே.

டியூப் லைட்டின் கீழ் மனித உடல் கண்டெடுத்த தீர்வுதான் காது மட்டக் கை. முழங்கை மேசையைவிட்டு அகலாமல், விரல்கள் காதுமடல் வரை மட்டும் எழும்பும். செயலாளர் இதை ஆதரவாக எண்ணிக்கொள்கிறார். பின்னாளில் திட்டம் சொதப்பினால் கைக்குரியவர் காது அரித்ததாகச் சொல்லலாம். நிறைவேறிய தீர்மானங்களில் எத்தனை இத்தகைய அரிப்பின் பலத்தில் நிற்கின்றன என்பது தனி ஆய்வுக்குரியது.

கோரத்துக்கு, அதாவது கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் வேண்டிய வருகைக்கு, வருவோம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது 2 பேர், எது அதிகமோ அது வேண்டும். ஆள் சேராவிட்டால் அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே இடம். சங்கங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது; அவற்றுக்குப் பால்கோவா உண்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இப்பண்டம் வருகைப் பதிவேட்டுக்கு முன்னால் வந்தால் உறுப்பினர் தின்றுவிட்டு நகர்வார். கையெழுத்துக்குப் பின் வந்தால் கோரம் சேரும். கடைசித் தீர்மானத்துக்குப் பின் என்றால் விவாதமே எழாது. ராஜபாளையத்தில் கூட்டம் என்றாலும் பெட்டி ஸ்ரீவியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில் மட்டும் உண்மையிலேயே ஒருமனப்பாடு நிலவுகிறது.

அணு உலையைச் சில நிமிடங்களில் ஒப்புக்கொள்ளும் குழு சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் செலவிடும் என்று ஆங்கில எழுத்தாளர் பார்க்கின்சன் 1957இல் எழுதினார். அவர் ஃப்ளெக்ஸ் பேனரைப் பார்த்ததில்லை. இங்கே ஆண்டுக் கணக்கு, ‘வாசித்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டது’ என்று ஒரே மூச்சில் முடியும். ஆண்டுவிழா பேனரில் பொருளாளர் படம் துணைத்தலைவர் படத்தைவிடப் பெரிதாகலாமா என்பதோ துணைக்குழுவுக்குப் போகும். அக்குழு கூடுவதற்குள் விழாவே முடிந்துவிடும் என்பதால் அதுவும் சிக்கலின்றித் தீரும்.

முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இத்தனைக்கும் மாற்றுச் சொல்கின்றன. வாரியம் எனும் ஊர்க் குழுக்களுக்கு ஆள் தேர, 30 குடும்புகளிலும் (ஊர்ப் பிரிவுகளிலும்) பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். சீட்டு விழாதவர் யாரையும் கோபிக்க இயலாது. வயது 35க்கு மேல், 70க்குள். கடந்த 3 ஆண்டுகளில் பதவி வகித்தவருக்கு மீண்டும் இடமில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி அவருடைய மாமனார், மைத்துனர், மருமகன், அக்கா தங்கை பிள்ளைகள் எல்லாரும் விலக்கு. இவ்விதியை நம் களத்தில் மனத்தளவில் பொருத்திப் பார்த்தோம். சம்பந்தம் செய்யாதவர் இல்லாத குழுவில், ஒரே ஒருவர் கணக்குத் தவறினாலும் மிஞ்சுபவர் வாட்ச்மேன்தான். அவருக்கு வாக்கு கிடையாது. ஆனால் ஒன்பது மணியானதும் ஒவ்வொரு ஃபேனாக அணைத்துக்கொண்டே வருவார். அதன்பின் பேசிய எதையும் எந்த மினிட் புத்தகமும் பதிந்ததில்லை.