யார் ஜெயிப்பார்?

கேள்வி: தேர்தல் வந்தாலே டி.வி.யில் 'யார் ஜெயிப்பார்?' விவாதம்தான். இதனால் ஜனநாயகத்துக்கு என்ன நஷ்டம்?

பதில்: பெரிய நஷ்டம். 2024 மக்களவைத் தேர்தலையே பாருங்கள். ஜூன் 1 மாலை வந்த எக்ஸிட் போல்களில் பெரும்பாலானவை பா.ஜ.க. கூட்டணிக்கு 350-க்கு மேல் அள்ளிக்கொடுத்தன. ஜூன் 4-ல் கிடைத்தது 293. அந்தக் கணிப்புகளை நம்பி முந்தின நாள் எகிறிய பங்குச்சந்தை, அன்று குப்புற விழுந்தது. மூன்று நாள் பொறுத்தால் தானாகத் தெரியப்போகிற விடைக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்!

கணிப்பு பொய்த்தது கூடப் பரவாயில்லை. அந்த நேரத்தில் கேட்காமல் விட்ட கேள்விகள்தான் நெஞ்சை உறுத்துகின்றன. ஒவ்வொரு வேட்பாளரும் தன் சொத்து, கடன், வழக்கு, படிப்பு அத்தனையையும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். மனைவியின் நகை உட்பட! ஐந்து வருஷத்தில் இவ்வளவு சொத்து எப்படி வந்தது, தொகுதி மேம்பாட்டு நிதி எதற்குச் செலவானது என்று எத்தனை பேர் மைக்கை நீட்டினார்கள்? கேள்வி கேட்கும் ஆளில்லையென்றால் வேட்பாளருக்குப் பயம் எதற்கு?

அந்தப் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்திலேயே இருக்கிறது. அடுத்த தேர்தலில் ஓட்டுப் போடுமுன் தயவுசெய்து அதைப் படியுங்கள்.