பூஸ்ட் அண்ணன்

கிள்ளான் மாவட்டத்து மேருவில், ஞாயிறு காலையில் மாமாக் கடை வாசலில் நிற்கும் டீசல் ஹைலக்ஸ் ஒன்றினுள், கண்ணாடியோரத் தூணில் சோப்பளவு கறுப்புப் பெட்டியொன்று ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டு நீங்கள் ஒரு விநாடி நின்றுவிட்டீர்களாயின், அதன் சொந்தக்காரரைத் தேடிச் சிரமப்பட வேண்டியதில்லை. நீங்கள் பார்ப்பதைப் பார்த்துவிட்ட அவரே, தே தாரிக்கைக் கையில் ஏந்தியவண்ணம் வந்து சேருவார். "ஏறுங்க அண்ணே, காப்பார் வரைக்கும் ஒரு ரவுண்டு போவோம்" என்பார். மறுப்பவர்களை அவர் மன்னிப்பதில்லை.

வேகத்தையும் எண்ணெயையும் வெப்பத்தையும் காட்டக் கடிகாரங்கள் வைத்த கம்பெனிக்காரன், டர்போ எவ்வளவு காற்றை அழுத்துகிறது என்பதை மட்டும் மறைத்துவிட்டான் என்பது இப்படிப் பெட்டி ஒட்டும் வர்க்கத்தாரின் தீராத மனக்குறை. வீணே வெளியேறும் புகையைக் கொண்டே நிமிஷத்துக்கு லட்சம் தடவைக்கு மேல் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அச்சுழற்சியால் காற்றை நெருக்கி எஞ்சினுக்கு ஊட்டுகிற உபாயத்துக்கு, சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்பிரட் பியூகி 1905-இலேயே காப்புரிமை கோரியிருக்க, அதன் பலனை அளந்து பார்க்கும் பாக்கியம் தமக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும் என்று பூஸ்ட் அண்ணன் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை.

கடையில் பூஸ்ட் மானி கிடைக்காதா என்றால், கிடைக்கும். ஆனால் அவற்றிற் பல பெட்ரோல் வண்டியை மனத்தில் வைத்துச் செய்தவை. முகப்பில் ஒரு பாகம் வெற்றிடத்தைக் காட்டுவதற்கே ஒதுக்கப்பட்டிருக்கும். டீசல் எஞ்சினோ சாதாரணமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதேயில்லை. முள் ஒருநாளும் போகாத இடத்துக்கு யாராவது காசு கொடுப்பார்களா? இந்தச் சிக்கன புத்தியினால் உந்தப்பட்டுக் கோலாலம்பூர் ஜாலான் பாசாருக்குப் புறப்படும் அவர், மூன்று பார் வரை அளக்கும் அழுத்த உணரி, ஆர்டுயினோ பலகை, சிறு திரை, ரப்பர் குழாய், டீ வடிவ இணைப்பு, பிறகு இவற்றைச் சேர்க்கப் பற்றவைப்புக் கோல் என்று வாங்கிக் குவித்து, கடை மானியின் விலையைப் போல் இரு மடங்கு வெள்ளியைச் செலவிட்டுத் திருப்தியோடு திரும்பி, அந்தக் கறுப்புப் பெட்டியைத் தாமே செய்துமுடிப்பார்.

உணரி தருவது மொத்த அழுத்தம். அதிலிருந்து வளிமண்டலத்தின் பங்கான 1.01 பாரைக் கழித்தால் மிஞ்சுவதே பூஸ்ட். கடல்மட்டத்தையொட்டிய மேருவின் சமதளத்தில் இக்கணக்கு அட்சரம் பிசகாமல் வந்தது. குடும்பத்தோடு கெந்திங் மலைக்குப் போனபோதுதான், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், வண்டி சும்மா நிற்கையில் திரை 0.2 பார் கடன் சொல்லிற்று. மேலே காற்றே லேசு. கழித்த எண்ணோ கீழ்நாட்டுக்குரியது. குழந்தைகள் பனிமூட்டத்தில் விளையாட, அண்ணன் மடிக்கணினியை விரித்து, சாவி திருப்பியவுடன், எஞ்சின் உறுமுமுன், அவ்விடத்துக் காற்றை அளந்துகொள்ளும்படி மானிக்கு உபதேசம் செய்தார். உண்மையிலேயே அது நல்ல திருத்தம், பாராட்டத்தான் வேண்டும்.

அதன்பின் ஒருநாள், 1.1 பார் காட்ட வேண்டிய இடத்தில் மானி 0.7-க்கு மேல் ஏற மறுத்தது. இப்படியொரு நாளுக்காகவே செய்யப்பட்ட கருவி, தன் கடமையை முதன்முதலாகச் செய்தபோது, அதை நம்பாத ஒரே மனிதர் அதைச் செய்தவராகவே இருந்தார். உணரியை மாற்றினார்; வயரை மாற்றினார்; கடைசியில், திரை மறுபடியும் 1.1 என்று சொல்லும் வரையில் கணக்கிலுள்ள பெருக்கெண்ணை உயர்த்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

"ஏங்க, வண்டி கறுப்புப் புகையா கக்குது, ஏறும்போது புஸ்ஸுனு சத்தமும் வருது" என்று மனைவி சொன்னதற்கு, "பூஸ்ட் சரியாத்தான் இருக்கு, இங்க பாரு" என்று திரையைச் சுட்டிக்காட்டினார். அம்மையார் பார்க்கவில்லை, பட்டறைப் போமனைக் கூப்பிட்டார். வந்தவர் பானெட்டைத் திறந்து, இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயில் ஒரு விரல் நீளக் கிழிசலைக் காட்டி, மதிய உணவுக்கு முன் புதுக் குழாய் பூட்டிவிட்டுப் போனார்.

பெருக்கெண்ணை அண்ணன் பழைய நிலைக்குத் திருப்பவில்லை. மறுநாள் மேரு மாமாக் கடையில், தம் வண்டி 1.7 பார் பூஸ்ட் கொடுப்பதாகவும், எல்லாம் தாம் செய்த டியூனிங்கின் மகிமை என்றும் அவர் விவரித்துக்கொண்டிருந்தார். இரண்டு இளைஞர்கள் ஜாலான் பாசாருக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.