வருஷம் திரும்ப வேண்டுமா?

கேள்வி: ஆசைத் தாத்தா போய் மூன்று மாதம். தையில் நிச்சயித்த என் கல்யாணத்தை நடத்தலாமா? புடவை எடுக்கப் போனாலே அழுகை வருகிறது.

பதில்: தாராளமாக நடத்துங்கள். நம் சடங்குகள் துக்கத்தையும் கல்யாணத்தையும் எப்போதும் எதிரெதிரே நிறுத்துவதில்லை. பல குடும்பங்களில் முகூர்த்தத்துக்கு முன் முன்னோருக்குப் புது வேட்டி, புடவை வைத்துப் படையல் போடுகிறார்கள். வைதிக முறையில் இதற்கே முன்னோரை வணங்கும் நாந்தி சிராத்தம் உண்டு. பத்திரிகையிலும் 'தெய்வத்திரு' என்ற அடைமொழியோடு தாத்தா பெயர் வந்துவிடும். 'வருஷம் திரும்பட்டுமே' என்பார்கள் பெரியவர்கள். அதில் அன்பு இருக்கிறது; ஆனால் வழக்கம் வீட்டுக்கு வீடு வேறு, வருஷத்துக்குள் நடத்துவதே நல்லது என்பாரும் உண்டு. பாட்டி இருந்தால் அவர் சொல்வதே முடிவு. அவர் சம்மதித்தால் நாதஸ்வரம் முழங்கட்டும். மணமேடையில் அழுகை வந்தால் அழுங்கள். கலைந்த மையைச் சரிசெய்ய மேக்கப் பெண் பக்கத்திலேயே இருப்பார்.