கண்ணாடித் திருமஞ்சனம்: நீர் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் தண்ணீருக்குப் பஞ்சம் வந்ததுண்டு, தீர்த்தத்துக்கு வந்ததில்லை. ஆகாச கங்கை, பாபவிநாசம், சுவாமி புஷ்கரணி, காணிப்பாக்கம் பிள்ளையார் எழுந்தருளியிருக்கும் கிணறு என ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன் சொல்லியிருக்கிறார்கள். தொலைநோக்கிக் கண்ணாடியைக் கழுவ எது உகந்தது என்பதை மட்டும் முன்னோர் சொல்லாமல் விட்டனர். அக்குறை இங்கே களையப்படுகிறது.

திருப்பதிக்கும் தொலைநோக்கிக்கும் என்ன சம்பந்தம் என்பார் உளர். அது பொருந்தாது, என்னை? சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே காதங்கியில், 1998இல் ஜப்பானியர் ஒத்துழைப்போடு அமைந்த லேசர் ரேடாரில் 750 மி.மீ. கண்ணாடி இருக்கிறது. தெற்கே ஜவ்வாது மலைக் காவலூரில் 234 செ.மீ. கண்ணாடி 1986 முதல் வானம் பார்க்கிறது. ஆகவே இடம் தக்கதே என்க.

வீட்டுக் கண்ணாடிக்கு ரசம் பின்னால், தொலைநோக்கிக்கு முன்னால். அதுவும் சுமார் 100 நானோமீட்டர் தடிமனுள்ள அலுமினியப் பூச்சு. குத்துவிளக்குத் துலக்கும் கையோடு விபூதியை எடுத்துக்கொண்டு வருவோர் இந்த இடத்திலேயே நின்றுவிடுவது நலம்.

இனி போர் தண்ணீர். லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு வரை குடிநீருக்கு ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அப்படிப்பட்ட நீரில் ஒரு சொட்டு (0.05 மி.லி.) அரைச் சதுர சென்டிமீட்டரில் பரவிக் காய்ந்தால் மிஞ்சும் உப்பு 25 மைக்ரோகிராம். சீராகப் படிந்தாலும் தடிமன் ஏறக்குறைய 190 நானோமீட்டர் வரும். அதாவது கறை, பூச்சைவிடத் தடிமன்! குடிக்க நல்ல நீர், கழுவக் கெட்ட நீர்.

காய்ச்சினால் என்ன? சுண்ணாம்பில் ஒரு பகுதி பாத்திரத்தில் படியும். மற்ற உப்புகள் அடர்ந்து நிற்கும். கேன் தண்ணீரோ ருசிக்காகக் கொஞ்சம் உப்பை வைத்திருக்கும். ஏ.சி. சொட்டும் நீர் பிறப்பால் தூய்மையானது, வளர்ப்பால் அன்று. குழாய்ச் சுருளின் தூசியும் பாசியும் அதில் சேரும். மழைநீர் கூரையைத் தொடாதவரை பரவாயில்லை. தீர்த்தங்களில் பாறையின் தாதுக்கள் கரைந்திருக்கும். தீர்த்தச் சுவைக்கே அந்தத் தாதுக்கள்தாம் காரணம்.

எஞ்சுவது பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீர். சுவையில்லை, தலபுராணமில்லை, உப்பும் இல்லை. எனவே உகந்தது. கேட்கும்போது 'தண்ணி' என்று அழுத்திச் சொல்க. அதே வகை டப்பாவில் ஆசிட்டும் வரும்.

ஆயினும் முழுக் குளியலும் இதிலேயே வேண்டும் என்பது ஆடம்பரம். முதலில் மணல் துகள் போகக் குழாய் நீரை ஓடவிடலாம்; ஒரு துளி மென்சோப்பும், தன் பாரத்திலேயே நகரும் நனைந்த பஞ்சும் போதும். நடுவில் காயவிடாமல், கடைசி அலசலைப் பேட்டரி தண்ணீரில் முடித்து, கண்ணாடியை நிமிர்த்தி வைத்து வடியவிட வேண்டும். முதல் நீர் ஊர் நீராகலாம். இறுதி நீர் ஊரற்றதாதல் வேண்டும்.

எத்தனை நாளுக்கொருமுறை? திருமலையில் கோயிலையே கழுவித் துப்புரவாக்கும் கோயில் ஆழ்வார் திருமஞ்சனம் ஆண்டுக்கு நான்கு முறை. கண்ணாடிக்கு அது மிக அதிகம். மெல்லிய தூசி மறைக்கும் ஒளி சொற்பம், கழுவும்போது விழும் கீறலோ போகாது. கீறல் முற்றினால் காவலூரைப் போல வெற்றிடக் கலத்தில் மறுபூச்சு ஏற்ற வேண்டியதுதான். அந்தக் கலம் நம் வீட்டு மாடியில் இல்லை.

மிஞ்சிய பேட்டரி தண்ணீரை இன்வெர்ட்டருக்கு ஊற்றலாம். தீர்த்தமாகக் கொடுக்க வேண்டாம்.