அட்டவணை அண்ணா

வட கரோலினாவின் சார்லட் நகரில் நாலு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பழகினால், அதில் ஒருவர் கட்டாயம் அட்டவணை அண்ணாவாக இருப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை இப்போது பாஸ்போர்ட்டில்தான் பார்க்க முடியும். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். வேலை ஏதோ ஒரு வங்கியில் ப்ரோகிராம் மேனேஜர். ஆபீசில் அவர் போடும் திட்டத்தை ஒருத்தரும் மதிப்பதில்லை. அந்த ஆற்றாமையை எல்லாம் லாங் வீக்கெண்டில் நம் தலையில் இறக்கி வைப்பார்.

சார்லட்காரர்களுக்கு லாங் வீக்கெண்ட் என்றால் ஆஷ்வில். மேற்கே இரண்டு மணி நேர ஓட்டம். ப்ளூ ரிட்ஜ் மலைகளுக்கு நடுவே இரண்டாயிரம் அடிக்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். ஓவியர்கள், குயவர்கள், கண்ணாடி ஊதுகிறவர்கள், தெருமுனையில் பிடில் வாசிக்கிறவர்கள் என்று பிழைக்கத் தெரியாதவர்களாகப் பார்த்துப் பொறுக்கிக் குடிவைத்த மாதிரி இருக்கும். கால் போன போக்கில் நடந்தால் போதும், பொழுது போய்விடும். அப்படி ஒரு காலை அண்ணா யாருக்கும் விட்டுவைப்பதில்லை.

அக்டோபரில் இலை சிவப்பதைப் பார்க்க ஏப்ரலிலேயே வாட்ஸ்அப் குழு தொடங்கிவிடும். ஐந்து குடும்பங்கள், மூன்று நாள், ஒரு பெரிய மரவீடு. முதல் செய்தி அண்ணாவுடையது: 'ஷீட் அனுப்பியிருக்கேன், எல்லாரும் பார்த்துட்டு சொல்லுங்க.' பதிலுக்கு நாலு கட்டைவிரல்கள் வரும். ஒருவரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு அக்கா மட்டும், 'ரைஸ் குக்கர் யார் எடுத்துட்டு வர்றா?' என்று கேட்பார். அது 14-ஆம் வரியில் இருக்கிறது என்று அண்ணா பொறுமையாகப் பதில் போடுவார்.

அந்த ஷீட்டை ஒருமுறையாவது கிட்டே வைத்துப் பார்க்க வேண்டும். கோப்பின் பெயர் 'ஆஷ்வில் ஃபைனல் லேட்டஸ்ட் 7'. சாப்பாட்டுக்கு மஞ்சள், குழந்தைகளுக்குப் பச்சை, கழிப்பறைக்கு நீலம். 'பொறுப்பாளர்' என்று ஒரு பத்தி. 'புளியோதரை முடிந்துவிட்டால்' என்று ஒரு மாற்றுத் திட்டம். கடைசிப் பத்தியின் தலைப்பு 'தாமதத்துக்கு இருப்பு'. அதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நேராக எத்தனை நிமிடம் என்று போட்டிருப்பார். யார் வீட்டில் கிளம்ப எவ்வளவு நேரமாகும் என்ற உண்மை இப்படிப் பொதுவில் வந்ததில் இரண்டு குடும்பங்கள் கொஞ்ச நாள் பேசிக்கொள்ளவில்லை.

முதல் நாள் பில்ட்மோர் மாளிகை. ஜார்ஜ் வாண்டர்பில்ட் என்ற கோடீஸ்வரர் 1889-இல் தொடங்கி 1895-இல் குடியேறிய வீடு. தனியார் கையில் இருக்கும் வீடுகளில் அமெரிக்காவிலேயே பெரியது. 250 அறைகள், ஷீட்டில் இரண்டு மணி நேரம். "அப்போ ஒரு ரூமுக்கு 29 செகண்ட்" என்று வண்டியிலேயே அறிவித்தார் அண்ணா. எல்லா அறைகளையும் திறந்துவிட மாட்டார்கள் என்று ஒரு தம்பி சொன்னதற்கு, "பரவால்ல, அந்த டைமை லஞ்சுக்குத் தள்ளிக்கலாம்" என்றார். 43 குளியலறைகள் என்று வழிகாட்டிக் கருவி காதில் சொன்னபோது, பேரனைப் பார்க்க மதுரையிலிருந்து வந்திருந்த அத்தை மட்டும் நின்றுவிட்டார். "இத்தனையையும் யாருப்பா கழுவுவா?" அந்த வீட்டைப் பற்றி அன்றைக்குக் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். அதற்குள் அண்ணா அடுத்த அறையிலிருந்து கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

மதியம் சாய் பானி. சாட் வகையறா விற்கும் இந்த ஊர்க் கடை 2022-இல் அமெரிக்காவின் தலைசிறந்த உணவகத்துக்கான ஜேம்ஸ் பியர்ட் விருதை வாங்கியது. விருது விவரமும் ஷீட்டில் உண்டு. "பேல் பூரி தின்ன மலையேறணுமா அண்ணா?" என்று கேட்ட தம்பிதான் இரண்டாவது தட்டும் வாங்கினான்.

இரண்டாம் நாள் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே. இந்தச் சாலை எங்கேயும் போய்ச்சேருவதற்காகப் போட்டதல்ல, வேடிக்கை பார்க்கப் போட்டது. லாரிக்கு அனுமதியில்லை, விளம்பரப் பலகை கிடையாது, வேகம் பெரும்பாலும் 45 மைலைத் தாண்டக்கூடாது. 1935-இல் தொடங்கிய வேலை. 469 மைலையும் முடிக்க 1987 வரை ஆயிற்று. 52 வருடம் மெதுவாகக் கட்டிய சாலையில் அண்ணா நமக்கு ஒதுக்கியது இரண்டரை மணி நேரம், போட்டோ உட்பட. இலைகளும் அவர் சொல் கேட்பதில்லை. உச்சியில் முதலில் சிவந்து, பிறகு வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கீழே இறங்கி வரும் நிறம் அது. 6,684 அடி உயர மிச்சல் சிகரத்தில் உதிர்ந்து முடிந்திருக்க, ஊருக்குள் மரங்கள் இன்னும் பச்சையாக நின்றன. "ஷீட்ல பீக்னு போட்டிருந்தேனே" என்று மலையைப் பார்த்து முறைத்தார். மலை பதில் சொல்லவில்லை, அண்ணிதான் சொன்னார்: "அதுக்கு ஷீட் ஷேர் பண்ணீங்களா?"

சாலையோரத்து நாட்டுப்புறக் கலை மையத்தில் ஒரு குயவர் சக்கரத்தில் மண்ணை ஏற்றி உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் உள்ளே போக, மண் சுவர் எழுந்து, வயிறு பருத்து, கழுத்து ஒடுங்குவதைப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அண்ணா கடிகாரத்தைப் பார்த்து, "இது எப்போ முடியும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். குயவர் தலை நிமிராமல் சொன்னார்: நன்றாக உலர வேண்டும், ஒருமுறை சுட வேண்டும், பூச்சு கொடுத்து மறுபடி சுட வேண்டும், ஒரு மூன்று வாரம் ஆகும், உடையாவிட்டால். உடையாவிட்டால் என்பதை எந்தப் பத்தியில் ஏற்றுவது என்று தெரியாமல் அண்ணா போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

இதில் வேடிக்கை, அந்த ஊரின் சரித்திரம் முழுக்க அவருக்கு அத்துப்படி. 'தகவல்' என்று தனித் தாளே வைத்திருக்கிறார். 1920-களில் ஊர் ஏகத்துக்குக் கடன் வாங்கிக் கட்டடமாகக் கட்டித் தள்ளியது. 1930-இல் வங்கிகள் விழுந்தன. கடன் அடைய 1976 ஆயிற்று. இடித்துப் புதிதாகக் கட்டக் காசில்லாததால்தான் பழைய அழகெல்லாம் பிழைத்தது. பக்கத்து பிளாக் மவுண்டனில் 1933 முதல் 1957 வரை ஒரு கல்லூரி. கட்டாயப் பாடம் என்று ஒன்றுமே கிடையாது. இசையமைப்பாளர் ஜான் கேஜும் ஓவியர் ராஷன்பெர்கும் உலவிய இடம். வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் புல்லர் 1948 கோடையில் அங்கே ஒரு பெரிய குவிமாடத்தை எழுப்பப் பார்த்தார், எழவில்லை. மறு வருடம் வந்து வேறொன்றை நிறுத்திக் காட்டினார். கணக்குத் தப்பியதால் பேர் வாங்கிய ஊர் இது என்று அந்தத் தாள் முழுக்க எழுதியிருக்கிறது. எழுதியவர் மட்டும் அதைப் படிக்கவில்லை. 'பிளாக் மவுண்டன் கல்லூரி அருங்காட்சியகம்: 35 நிமிடம்' என்று கீழே போட்டு வைத்திருக்கிறார்.

ஆனால் அவரைக் கேலி செய்கிற யாரும் 2024-ஐ மறந்துவிட்டுப் பேசக்கூடாது. அந்த வருட ஷீட் ஏழாவது பதிப்பைத் தொட்டபோது, செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயல் வந்தது. பிரெஞ்ச் பிராட் ஆறு கரையை உடைத்து, பழைய ஆலைக் கட்டடங்களில் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் பட்டறை வைத்திருந்த ரிவர் ஆர்ட்ஸ் பகுதியின் பெரும்பங்கை வாரிக்கொண்டு போனது. ஊர்க் குழாயில் குடிக்கத் தக்க நீர் வர 53 நாள் பிடித்தது. அண்ணா அதே கோப்பில் பழையதை அழித்துவிட்டு, அந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய தண்ணீர் கேன், டயாபர், டார்ச், எந்த வண்டி எந்த நாள், எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று நிரப்பினார். அப்போது 'பொறுப்பாளர்' பத்திக்கு நேராகப் பெயர் வந்த ஒருவரும் கட்டைவிரலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தாமதத்துக்கு இருப்பும் தேவைப்படவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது: ஆபத்துக்கு அண்ணாவின் அட்டவணையை மிஞ்ச ஆளில்லை, உல்லாசத்துக்கு அது ஆகவே ஆகாது. அடுத்த முறை ஆஷ்வில் போகிறவர்கள் மரவீட்டுக்கும் மாளிகை டிக்கெட்டுக்கும் முன்பதிவு செய்ய அவரை நம்பலாம். ஒரு மதியத்தை மட்டும் ஒன்றும் செய்யாமல் வெறுமனே விட்டு வையுங்கள். பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருக்கின்றன. உள்ளே போய் நில்லுங்கள், பிடித்தால் ஒரு குவளை வாங்குங்கள். ஆனால் இதை அண்ணா காதில் போட்டுவிடாதீர்கள். 'ஃப்ரீ டைம், 2.15 முதல் 4.40 வரை, பொறுப்பாளர் நீங்கள்' என்று ஏற்றிவிடுவார்.