பன்றியாரிடமும் லைசென்ஸ் கேளுங்கள், ஐயா

பெறுநர்: எங்கள் வட்டத்துக் காவல் நிலைய ஆய்வாளர் அவர்கள்.
அனுப்புநர்: உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கிக்காரன், மலையடிவாரம்.
பொருள்: தங்கள் நிலையத்தில் இருக்கும் துப்பாக்கியைத் தங்களிடம் ஒப்படைக்காத குற்றத்துக்கு விளக்கம் அளித்தல் தொடர்பாக.
பார்வை: நேற்று என் கைக்கு வந்த தங்கள் நோட்டீஸ்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

நேற்று தங்கள் நிலையத்துக் காவலர் ஒருவர் வீடு தேடி வந்து நோட்டீஸ் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போனார். தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்த பிறகும் நான் துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைக்கவில்லையாம். என் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டவன், சொல்லிவிடுகிறேன். அந்தத் துப்பாக்கி தங்கள் நிலைய எழுத்தரின் நாற்காலிக்குப் பின்னால், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. போன வாரம் என்னைக் கைது செய்தபோது தங்கள் ஆட்களே பிடுங்கி வைத்தது. எழுத்தர் ஐயா கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் தெரியும்.

ஆயிரம் வேலைகளுக்கு நடுவே தங்களுக்கு மறந்திருக்கும் என்பதால் நடந்ததைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். "பெரியவரே, துப்பாக்கிய ஸ்டேஷன்ல குடுத்துடுங்க, இல்லாட்டி லைசென்ஸ் போயிடும்" என்று வி.ஏ.ஓ. போனில் சொன்னார். பொது இடத்தில் துப்பாக்கியை மூடி எடுத்துச் செல்ல வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் சொல்வதால் கித்தான் உறையில் போட்டுக் கட்டினேன். கருமருந்தையும் பால்ரஸ் குண்டுகளையும் வீட்டிலேயே வைத்துவிட்டேன். லைசென்ஸ் புத்தகத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு எக்ஸ்எல் வண்டியில் கிளம்பினேன். நிலையத்துக்கு ஒரு வளைவு முன்னால் தங்கள் வாகனச் சோதனை.

"என்னய்யா அது?"

"துப்பாக்கிங்க சார். ஸ்டேஷன்ல ஒப்படைக்கத்தான் போறேன்."

"மாட்டுனா எல்லாரும் இதத்தான் சொல்றான்."

லைசென்ஸை நீட்டினேன். "அதெல்லாம் அங்க வந்து காட்டு" என்றார்கள். எக்ஸ்எல் சாலையோரம் நின்றது. துப்பாக்கி ஜீப்பில் ஏறியது, நானும் ஏறினேன். நான் எங்கே போகக் கிளம்பினேனோ அங்கேயே அரசு செலவில் கொண்டு சேர்த்தீர்கள். பெட்ரோல் மிச்சம். அதற்கு என் நன்றியைப் பதிவு செய்துகொள்கிறேன்.

மேசை மேல் துப்பாக்கி, பின்னால் நான், இரு பக்கமும் காவலர்கள் என்று படம் எடுத்தீர்கள். நாலு தெரு தாண்டுவதற்குள் அது வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றிவிட்டது. "நாட்டுத் துப்பாக்கியுடன் சுற்றியவர் கைது, தேர்தலைச் சீர்குலைக்கச் சதியா?" என்று தலைப்பு. அந்தக் கேள்விக்குறி ஒன்றுதான் அன்று எனக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பு. இரவு யாரோ ஆட்சியர் அலுவலகப் பட்டியலைப் புரட்டி என் பெயரைக் கண்டுபிடித்தார்கள். "சின்ன மிஸ்டேக் பெரியவரே, மனசுல வச்சுக்காதீங்க" என்று அனுப்பிவைத்தீர்கள். என்னைத்தான் அனுப்பினீர்கள், துப்பாக்கியை அல்ல. அதற்கு ரசீதும் இல்லை. ரசீது இல்லாததால் நான் ஒப்படைக்கவில்லை, ஒப்படைக்காததால் நோட்டீஸ். நிர்வாகத்தில் இப்படி ஒரு ஒழுங்கு இருப்பது மெச்சத்தக்கது.

அன்றிரவு என் கடலைக் காட்டுக்குப் பன்றியார் வந்தார்.

அவரைத் தங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். மலையிலிருந்து குடும்பத்தோடு இறங்கி வருவார். கடலை, ராகி, மரவள்ளி என்று பேதம் பார்ப்பதில்லை. வாயின் இரண்டு பக்கமும் ஆயுதம். கித்தான் உறை இல்லை, மஞ்சப்பை இல்லை. பொது இடத்தில் பகிரங்கமாக ஏந்தி வருகிறார். தங்கள் வாகனச் சோதனை நடக்கும் அதே வளைவில்தான் சாலையைக் கடக்கிறார். இதுவரை யாரும் "என்னய்யா அது?" என்று கேட்டதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று படித்துப் பார்த்தேன். காவலில் வைத்து எனக்கு இந்தப் பழக்கத்தை உண்டாக்கியதற்கும் நன்றி. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பிரிவு 19. ஆயுதம் வைத்திருப்பவரிடம் காவல் அலுவலர் முதலில் லைசென்ஸைக் கேட்கலாம். அவர் காட்டாவிட்டால் பெயரும் முகவரியும் கேட்கலாம், தேவைப்பட்டால் ஆயுதத்தைக் கைப்பற்றலாம். பெயர் சொல்ல மறுத்தால், சொன்னது பொய் என்று சந்தேகம் வந்தால், அல்லது ஆள் தப்பி ஓடுவார் என்று தோன்றினால், அப்போதுதான் பிடியாணை இல்லாமல் கைது. ஏணிப்படி மாதிரி வரிசையாக எழுதிவைத்திருக்கிறார்கள். தாங்கள் நேராக மாடியில் குதித்துவிட்டீர்கள்.

ஆனால் பன்றியாரைப் பாருங்கள். லைசென்ஸ் காட்டமாட்டார். பெயர் சொல்லமாட்டார். முகவரி கேட்டால் மலையைக் காட்டுவார். டார்ச் அடித்தாலே தப்பி ஓடுவார். பிரிவு 19இன் எல்லாப் படிகளையும் முறையாக நிறைவு செய்யும் ஒரே ஆள் எங்கள் பகுதியில் அவர்தான். ஆனாலும் ஜீப்பில் ஏறியது நான்.

நானோ தங்களுக்குப் புதியவன் அல்ல. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி லைசென்ஸ் தருமுன் பக்கத்துக் காவல் நிலையப் பொறுப்பு அலுவலரின் அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பக்கத்துக் காவல் நிலையம் தங்களுடையதுதான். என் மேல் வழக்கு உண்டா, குடிப்பேனா, பங்காளிச் சண்டை உண்டா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, "ஆட்சேபணை இல்லை" என்று எழுதியது தங்கள் நிலையம். கருமருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்வதை அந்தப் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இப்போதைய விதிகளில் மருத்துவச் சான்று வேண்டும், கையாளத் தெரியும் என்ற சான்று வேண்டும், பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி வேண்டும். என்னை இத்தனை சல்லடையில் சலித்துப் பார்த்த தங்களுக்கு என் முகம் மட்டும் மறந்துபோனது. பன்றியாருக்கு மருத்துவச் சான்று கொடுத்தது யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள், நானும் அந்த டாக்டரிடமே போகிறேன்.

சட்டத்தின் கண்ணில் பன்றியாரின் அந்தஸ்தும் பெரியது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை 2022இல் திருத்தியபோது அவருக்கு இரண்டாம் அட்டவணையில் இடம் கிடைத்தது. எனக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை. அவரைச் சுட எனக்கு அனுமதி இல்லை என்பது தெரியும், நான் கேட்கவும் இல்லை. 2025 ஜனவரியில் வந்த அரசாணையின்படி காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் வனத்துறையினர் சுடலாம். என் கடலைக் காடு அந்த எல்லைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. என்னிடம் இருப்பது வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். அந்த ஒரு சத்தம் கேட்காத இரவுகளில் காடு எப்படி இருக்கும் என்று தாங்கள் விடியற்காலையில் வந்து பார்க்க வேண்டும்.

கர்நாடகத்தில் குடகு என்றொரு மாவட்டம் இருக்கிறது. கொடவர்களும் ஜம்மா என்னும் பரம்பரை நில உரிமைக்காரர்களும் அங்கே லைசென்ஸே இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். 1861இல் வெள்ளைக்காரன் கொடுத்த விலக்கு, இன்றும் நடக்கிறது. இப்போது 2029 அக்டோபர் வரை நீட்டித்திருக்கிறார்கள். எதிர்த்துப் போட்ட வழக்கில் 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் விலக்கு செல்லும் என்றது. செப்டம்பரில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டிக் கும்பிடும் விழாவே அங்கு உண்டு. எனக்கு அந்தச் சலுகை எல்லாம் வேண்டாம். லைசென்ஸ் வாங்கித்தான் வைத்திருக்கிறேன். வாங்கியதை ஒருவர் பிரித்துப் பார்த்தால் போதும். இல்லையென்றால் நான் பன்றியாராகப் பிறந்திருக்க வேண்டும்.

தேர்தலுக்கு வருவோம். உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் யாரிடம் ஆபத்து உண்டு என்று பரிசீலித்து முடிவெடுக்க மாவட்டந்தோறும் குழு இருக்கிறது. எல்லாரும் கொண்டுவந்து போடுங்கள் என்று பொத்தாம் பொதுவாகக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அலகாபாத் எங்கே, நம் வளைவு எங்கே, வந்து சேர நாளாகும். 2024இல் தமிழ்நாடு ஏப்ரல் 19ஆம் தேதி ஒரே நாளில் வாக்களித்து மையை உலர்த்திக்கொண்டது. ஆனால் நாடு முழுக்க ஏழு கட்டமும் முடிந்து, ஜூன் 4ஆம் தேதி எண்ணி முடிக்கும்வரை என் துப்பாக்கி தங்கள் காவலில்தான் இருந்தது. வங்காளத்தில் கடைசிக் கட்டம் நடந்தால் இங்கே என் கடலைச்செடி காத்திருக்க வேண்டும். பன்றியார் காத்திருக்கவில்லை. நடத்தை விதிகள் அவரைக் கட்டுப்படுத்துவதில்லை. தம் கொம்பை நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கியதாகவும் தகவல் இல்லை.

ஒன்று கேட்கட்டுமா ஐயா? திருட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவன் வி.ஏ.ஓ. போன் செய்தால் வருவானா? அவன் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது? தங்கள் அறிவிப்பு யாருக்குக் கேட்கிறதோ அவன் ஏற்கெனவே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். அவனுக்கு வீடு இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, பயம் இருக்கிறது. அதனால்தான் அவனைப் பிடிப்பது சுலபம். பிடித்தால் கணக்கு ஏறும், படம் கிடைக்கும், மேலிடத்தில் பாராட்டு. அறுபது தாண்டிய ஆளின் சட்டையைக் கழற்றச் சொல்லி, அரைஞாண் கயிற்றை அறுத்து, தரையில் உட்காரவைத்தீர்கள். எந்தப் பிரிவு அது? என் மனைவி வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், உள்ளே விடவில்லை. கைதானால் குடும்பத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், சாட்சி கையெழுத்தோடு கைதுக் குறிப்பு எழுத வேண்டும் என்று 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் அவசியம் இல்லாமல் கைது செய்யாதே, அழைப்பாணை கொடுத்து விசாரி என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் சொன்னது. லைசென்ஸ் இல்லாமலே நான் துப்பாக்கி வைத்திருந்தாலும் அந்த வரம்புக்குள்தான் வரும். லைசென்ஸ் இருந்தது. உங்கள் முகத்துக்கு நேரே நீட்டினேன். நீங்கள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அரை நிமிட வேலை.

குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்தருள வேண்டும். தரை குளிர்ச்சியாகவே இருந்தது. வெயில் காலத்தில் சட்டையைக் கழற்றவைத்தது காற்றோட்டம் கருதித்தான் என்று இப்போது புரிகிறது. பன்றியாருக்கு இந்த வசதி கிடைக்காது. அவருக்குச் சட்டையே இல்லை.

இப்படி மாட்டியவன் நான் மட்டும் அல்ல. முறையாக லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் பையின் மூலையில் ஒரே ஒரு தோட்டாவை மறந்துபோய் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆயுதம் தன்னிடம் இருப்பது தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று 1972இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. ஆனாலும் வழக்குப் பதிவு செய்வார்கள், அந்த ஆள் உயர் நீதிமன்றத்துக்கு நடப்பார், வழக்கு ரத்தாகும். டெல்லி உயர் நீதிமன்றம் இப்படி ரத்து செய்தவை எத்தனையோ. விமானத்தில் போகிறவருக்கு வக்கீல் வைக்கக் காசிருக்கும். எக்ஸ்எல்லில் போகிறவன் பாடு வேறு.

ஆகவே, தங்கள் நோட்டீசுக்கு விளக்கமாகவும் என் பணிவான வேண்டுகோளாகவும் கீழ்க்கண்டவற்றைச் சமர்ப்பிக்கிறேன்.

ஒன்று: பீரோவுக்குப் பின்னால் இருக்கும் துப்பாக்கியை நான் ஒப்படைத்ததாக எழுதி ரசீது தருக. கருமருந்துத் துப்பாக்கியின் குழல் துருப்பிடித்தால் சுடும்போது வெடிக்கக்கூடும். எனவே மாதம் ஒருமுறையாவது எண்ணெய் போடச் சொல்லுக.

இரண்டு: என்னைக் கைது செய்ததை எத்தனை குழுக்களுக்கு அனுப்பினீர்களோ, நான் குற்றமற்றவன் என்பதையும் அத்தனைக்கும் அனுப்புக. அதே மேசை, அதே காவலர்கள். இந்த முறை நான் சட்டையோடு நிற்கிறேன்.

மூன்று: வாகனச் சோதனைக்கு நிற்கும் காவலர்களுக்கு லைசென்ஸ் புத்தகம் ஒன்றைக் கொடுத்துப் பிரித்துப் பழக்குக. படம் ஒரு பக்கம், முத்திரை ஒரு பக்கம். வேண்டுமானால் என்னுடையதையே இரவல் தருகிறேன், ரசீது கொடுத்தால்.

நான்கு: பன்றியார் மீது பிரிவு 19இன் கீழ் உரிய நடவடிக்கை எடுக்குக. சாட்சி சொல்ல ஊரே தயார்.

கடைசியாக, அடுத்த தேர்தலுக்குத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நான் வருவதாக இல்லை. வழி ஆபத்தானது. தாங்களே ஒரு காவலரை அனுப்பி, வீட்டிலேயே ரசீது கொடுத்து வாங்கிக்கொண்டு போகலாம். திரும்பும்போது அந்த வளைவில் தங்கள் ஆட்களே அவரை மறித்து, "மாட்டுனா எல்லாரும் இதத்தான் சொல்றான்" என்று ஜீப்பில் ஏற்றினால், எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். லைசென்ஸ் புத்தகத்தோடு ஓடி வருகிறேன். பிரித்துப் பார்ப்பார்கள் என்பதற்கு மட்டும் நான் பொறுப்பல்ல.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உரிமத்தோடு கைதானவன்