நிழற்பக்கவியல்: பேருந்தில் வெயில் படாத இருக்கையைத் தேரும் முறை குறித்த ஓர் ஆய்வு

பகற்பொழுதில் தொலைதூரப் பேருந்தில் ஏறும் தமிழ்நாட்டுப் பயணி, பையை வைக்க இடம் தேடுவதற்கும் முன்பாக, எந்தப் பக்கம் வெயில் அடிக்கும் என்ற வினாவைத் தமக்குள்ளோ உடன்வருவோரிடமோ எழுப்பி, அதற்குச் சில நொடிகளில் ஒரு விடையும் கண்டு அமர்ந்துவிடுகிறார். வானியல், புவியியல், தோல் மருத்துவம் ஆகிய மூன்றும் சந்திக்கும் இவ்வினாவை எந்தப் பல்கலைக்கழகமும் தனித்துறையாக ஏற்காத நிலையில், பயணப் பாதையின் திசையையும் சூரியனின் இருப்பையும் ஒப்பிட்டுத் தோலுக்குக் கேடு குறைந்த இருக்கையை உய்த்துணரும் இக்கலையை நிழற்பக்கவியல் என்று இக்கட்டுரை வழங்கும்.

நிழலை நாடும் பயணிகள் வெப்பத்துக்கு அஞ்சியே அவ்வாறு செய்வதாகக் கருதுகின்றனராயினும், தோலைப் பொறுத்தவரை பகைவன் வெப்பமன்று, கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரே. இதில் 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட ‘பி’ வகை தோலின் மேலடுக்கைச் சுட்டுக் கருக்குவதோடு, உடலில் வைட்டமின் ‘டி’ உண்டாகவும் துணைபுரிகிறது. 315 முதல் 400 வரையுள்ள ‘ஏ’ வகையோ ஆழமாக ஊடுருவி, தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்னும் புரத இழைகளைச் சிதைத்துச் சுருக்கத்தை விளைவிக்கிறது. சன்னல் கண்ணாடி ‘பி’ வகையைப் பெரும்பாலும் தடுத்து ‘ஏ’ வகையில் கணிசமான பங்கை உள்ளே விட்டுவிடுவதால், கண்ணாடியை மூடிவிட்டோம் என்று நிம்மதியுறும் பயணி வைட்டமினை இழந்து சுருக்கத்தை மட்டும் பெற்றுக்கொள்கிறார். 2012-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான ஒளிப்படம் இதற்குச் சான்றாகும்: 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரரின் முகத்தில், சன்னலை ஒட்டியிருந்த இடப்பாதி மட்டும் தடித்து மடிப்புற்று, வலப்பாதியைவிடப் பல்லாண்டு மூத்ததாகக் காட்சியளித்தது. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால் இங்கு மூப்படையக் கடமைப்பட்டது வலக்கன்னம் என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி, இருக்கை தேர்வோரை இரு பள்ளியினராகப் பகுக்கலாம். பேருந்து நிலையத்தில் வண்டி நிற்கும்போது எந்தப் பக்கம் நிழல் விழுகிறதோ அதையே நம்பி அமர்வோர் நிகழ்காலவாதிகள். வண்டி வெளியேறி நெடுஞ்சாலையைத் தொட்டபின் எத்திசை நோக்கும் என்று கணிப்போர் வருங்காலவாதிகள். வண்டிகள் நடைமேடையை நோக்கி மூக்கை நுழைத்து நிற்பதும், பின்னோக்கி எடுத்துத் திருப்பியே கிளம்புவதும் நம் பேருந்து நிலையங்களின் இயல்பாதலால், நிகழ்காலவாதிகளின் நிழல் நிலைய வாயிலைத் தாண்டுவதற்குள் எதிர்ப்பக்கத்தாருக்கு உரிமையாகிவிடுகிறது. வெளியில் நின்றபடியே சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம்பிடிப்போர் பெரும்பாலும் முதற்பள்ளியைச் சேர்ந்தவர்களே. எனினும் அதே துண்டைப் பின்னர் சன்னல் கம்பியில் செருகித் திரையாக்கிக்கொள்வதால், இடம்பிடிக்கும் கருவியே பிழைதிருத்தும் கருவியாகவும் பயன்பட்டுவிடுகிறது.

வருங்காலவாதிகளும் தவறுவதுண்டு. தெற்கே செல்லும் வண்டியில் முற்பகல் இடப்பக்கமும் பிற்பகல் வலப்பக்கமும் வெயில் என்பதும், உச்சிப்பொழுதில் அது பக்கம் மாறும் என்பதும் அவர்களது அடிப்படைச் சூத்திரம். ஆனால் சென்னையிலிருந்து திருச்சி நேர்தெற்கில் இல்லை, தென்மேற்கில் இருக்கிறது. சூரியனும் ஆண்டு முழுவதும் ஒரே பாதையில் செல்வதில்லை. மார்கழியில் அது தென்வானில் சாய்ந்து செல்வதால் உச்சி கடந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வரை இடப்பக்கத்தாரை விடாது. ஆனி மாதத்திலோ உச்சிக்கு அரைமணி முன்பே வலப்பக்கம் தாவிவிடும். சென்னையில் ஏப்ரல் 24-ஐயும் ஆகஸ்ட் 18-ஐயும் ஒட்டிய நாள்களில் நண்பகல் சூரியன் நேர்உச்சியில் நின்று நிமிர்ந்த பொருளின் நிழலை அதன் காலடியிலேயே ஒடுக்கிவிடும். இடைப்பட்ட காலத்தில் அது வடக்கே நிற்கும். ஆகவே மேற்கே பெங்களூர் செல்வோர் ஆண்டின் பெரும்பகுதியில் வலப்பக்கத்தை நாடுவது சரியாயினும், அதே வழக்கத்தைக் கோடை விடுமுறையிலும் கைக்கொள்வோர் விரும்பி வெயிலில் அமர்ந்தவராவர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலையில் புதுச்சேரி செல்வோருக்குக் கடலும் வெயிலும் ஒரே பக்கம் அமைந்துவிடுவதால், அங்கே இச்சிக்கல் அழகியலுக்குள் நுழைந்து இவ்வாய்வின் எல்லையைக் கடந்துவிடுகிறது.

இத்துறையின் தலையாய கண்டுபிடிப்பு, வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையிலான உறவைப் பற்றியது. காலையில் வடக்கே சென்று மாலையில் தெற்கே திரும்புவோரை எண்ணுக. போகும்போது வலப்பக்கம் கிழக்கு, திரும்பும்போது வலப்பக்கம் மேற்கு. ஆகவே வலப்பக்கத்தில் அமர்வோரை இருவேளையும் வெயில் தாக்கும், இடப்பக்கத்தார் இருவேளையும் நிழலில் செல்வர். காலையில் தெற்கே சென்று மாலையில் வடக்கே திரும்புவோருக்கு இது அப்படியே தலைகீழாகும். சென்னை மாநகரப் பேருந்துகளில் இடப்பக்க இருக்கைகள் பெண்களுக்கு உரியவை என்னும் நெடுநாள் வழக்கத்தை இதனோடு பொருத்தினால், தாம்பரத்தில் குடியிருந்து பாரிமுனையில் பணிபுரியும் பெண் முப்பதாண்டு நிழலில் பயணிப்பதும், திருவொற்றியூரில் குடியிருந்து சிறுசேரிக்குச் செல்லும் பெண் போகவர வெயில் வாங்குவதும் விதியின் செயலல்ல, வீட்டு வாடகையின் செயலே என்று தெளிவாகும். மணமகளின் நிறத்தைப் பற்றி விசாரிக்கும் குடும்பத்தார் அலுவலகம் எந்தத் திசையில் என்று ஒருபோதும் கேட்பதில்லை என்பது வியப்புக்குரியது. தாழ்ந்த காலைவெயில் எதிர்ப்பக்க இருக்கை வரை பாயக்கூடியதாயினும், நடைபாதையில் நெருக்கியடித்து நிற்போரின் உடல்கள் அதை இடைமறித்துவிடுகின்றன. இச்சேவைக்காக அவர்களது பயணச்சீட்டில் எவ்விதச் சலுகையும் அளிக்கப்படுவதில்லை.

70 கொண்டையூசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் வெயில் வளைவுக்கு வளைவு பக்கம் மாறுவதால் நிழற்பக்கவியல் அங்குச் செல்லாது.

மாற்று வழிகளையும் கருதலாம். வண்டிக் கண்ணாடிகளில் கருப்புத் தாள் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-இல் தடைசெய்துவிட்டமையால் அவ்வழி அடைபட்டது. வெயில்காப்புக் களிம்பை நாடுவோர் குப்பியிலுள்ள எஸ்.பி.எஃப். எண்ணையே பெரிதாக எண்ணுகின்றனர். அவ்வெண் முதன்மையாக ‘பி’ வகைக்கு எதிரான காப்பையே அளப்பதாகும். அவ்வகையைக் கண்ணாடியே தடுத்துவிட்ட பின், சன்னலை மூடி அமர்ந்தவர் நோக்க வேண்டியது ‘ஏ’ வகைக்கு எதிரான காப்பைக் குறிக்கும் பி.ஏ. என்ற எழுத்துகளை அடுத்து வரும் கூட்டல் குறிகளின் எண்ணிக்கையை. துப்பட்டாவால் கண்கள் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றிக்கொள்வோர் இவ்விவாதங்கள் அனைத்தையும் ஒரே முடிச்சில் கடந்துவிடுகின்றனர். நெருக்கமாக நெய்த அழுத்தமான நிறத்துணி மெல்லிய வெளிர்நிறத் துணியைவிடக் கதிரை மிகுதியாகத் தடுக்கும் என்பது மட்டும் அவர்களுக்குச் சொல்லத்தக்கது.

இரவுப் பேருந்துக்கு இந்த இயல் பொருந்தாது என்று கூறுவோர் உளர். ஆனால் மாலையில் சென்னையில் கிளம்பும் நாகர்கோவில் வண்டியைப் பொழுது விடியும்போதும் சாலையிலேயே காணலாம்; திருநெல்வேலியைத் தாண்டித் தெற்கே விரையும் அவ்வேளையில், உறக்கம் கலையாத இடப்பக்கத்தாரின் முகத்தில் சூரியன் நேராக விழுகிறது. முந்தைய மாலை இருட்டில், எந்த வெயிலும் இல்லாதபோது, நடத்துநர் வியந்து நோக்க இடப்பக்கச் சன்னலோர இருக்கையை விட்டுவிட்டு வலப்பக்கம் சென்று அமரும் பயணியையே இத்துறையின் முதுபெரும் புலவராகக் கொள்ளல் வேண்டும்.